கழுதை முடக்கு

தை மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, காலை எட்டரை மணி. ஏற்காட்டில் காப்பிப் பழம் பறித்து முடிகிற பருவம். உரித்த பழத்தோல் புளிக்கும் வாடை பனியோடு கலந்து, சாலையை விட்டு எழாமல் கிடந்தது. சிறுபாலத்தருகே நின்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. மேலே, தண்ணீர்த் தொட்டியடியில், என் கணவர் அர்த்தநாரி கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தார். பாலத்திலிருந்து தொட்டிவரை ஒரே ஏற்றம். நடுவில் ஒரு பலாமரம். அதைத் தாண்டினால் கழுதை முடக்கு என்று ஊரார் சொல்லும் செங்குத்தான வளைவு. அந்தக் காலத்தில் காப்பி மூட்டை சுமந்த கழுதைகள் அவ்விடத்துக்கு வந்ததும் நின்றுவிடுமாம், அடித்தாலும் நகராவாம். அந்த முடக்கைக் கடந்து தொட்டியை அடையும்வரை என் கால் தரையில் படக்கூடாது. படாவிட்டால் நாங்கள் மலையிலேயே இருப்பது. பட்டால் சேலத்துக்கு, மகன் குமரேசன் பார்த்து வைத்திருக்கும் மூன்றாம் மாடி வீட்டுக்கு, இறங்கிவிடுவது. நிபந்தனை என்னுடையது. நான் விதிக்கும் நிபந்தனைகளில் ஓட்டை இராது என்று பள்ளியில் எனக்குப் பெயர். சைக்கிளில் ஏறி உட்கார்ந்து வலக்காலை அழுத்தினேன்.

முதல் மிதியை நம்பக்கூடாது. எந்த ஏற்றமும் தொடக்கத்தில் மரியாதையாகவே நடந்துகொள்ளும். ஒரு பதின்மூன்று பதின்மூன்று. வலக்கால் கீழே போகும் ஒவ்வொரு முறையும் வாய்ப்பாட்டில் ஒரு வரி, உதடு அசையாமல், மூச்சுக்குள்ளேயே. இரு பதின்மூன்று இருபத்தாறு, மூன்று பதின்மூன்று முப்பத்தொன்பது. பாலத்தில் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினால் பலாமரத்தின் நிழலில் பத்தொன்பதாம் வாய்ப்பாடு முடியும். ஏழு ஆண்டுகளாக அப்படித்தான், மழையானாலும் வெயிலானாலும், ஏனென்றால் என் சைக்கிளுக்கு ஒரே கியர், ஒரு சுற்று மிதித்தால் சக்கரம் உருளும் தூரம் என்றைக்கும் ஒன்றே, என் மனம் எந்த நிலையில் இருந்தாலும் அந்தத் தூரம் நீளாது, குறையாது. குமரேசன் ஒருமுறை கியர் வைத்த சைக்கிளைக் கொண்டுவந்து காட்டினான். அம்மா, ஏத்தம் வந்தா இதை இப்படித் தட்டிவிட்டாப் போதும், லேசாயிடும் என்றான். ஏற்றம் இலேசாகிவிட்டால் பிறகு எதற்காக ஏறுவது என்று கேட்டேன். உங்கிட்ட மனுஷன் பேச முடியுமா என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போய்விட்டான், அவன் எப்போதும் அப்படித்தான், பதில் இல்லாத இடத்தில் அப்பா இருப்பார். ஏழு பதின்மூன்று தொண்ணூற்றொன்று. பேரம் பேச இடமில்லாத பொருள் என் வாழ்வில் இது ஒன்றுதான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது. பட்டப்படிப்பில் வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் என்னைப் பார்த்துவிட்டு, பொம்பளைப் பிள்ளை, சுலபமாக ஒன்று கேட்கிறேன் என்றார். பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். தலைமையாசிரியைப் பதவி எனக்கு வரவேண்டிய ஆண்டில் என்னிலும் இளையவளுக்குப் போயிற்று. நிர்வாகத்தார் என்னை அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, உங்களுக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி என்று அன்பாகக் கேட்டார்கள். அந்தக் காப்பியை நான் முழுவதும் குடித்தேன் என்பது இன்றும் நெஞ்சில் நிற்கிறது. அன்று மாலைதான், பள்ளிக்கூடத்துச் சமவெளியில் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த இந்தச் சைக்கிளை முதன்முறையாக இந்த மேட்டுப்பக்கம் திருப்பினேன். பலாமரம்வரைகூட வர முடியவில்லை. வாந்தி எடுத்தேன். மலை எனக்கு நாற்காலி போடவில்லை, காப்பி கொடுக்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்றது. அதனால்தான் மறுநாளும் வந்தேன்.

முடிந்தபோது கிடைத்த இன்பம் வேறு யாருக்கும் விளக்கத்தக்கது அன்று. பெற்று, வளர்த்து, சமைத்து, பிறருக்குப் பயன்பட்டு ஓய்ந்த ஓர் உடம்பு, தனக்கென்று ஒரு வேலையைச் செய்யும்போது அதில் ஒரு சூடு எழுகிறது. தொடையில் தொடங்கி முதுகு வழியாக ஏறிப் பிடரியில் நிற்கிறது, பனி அந்தச் சூட்டைத் தொட்டதும் வியர்வையாக மாறுகிறது. சாலையின் ஒவ்வொரு கல்லையும் முகம் பார்த்து அறிந்துகொள்ளும் அளவுக்கு மெதுவாகப் போகிறோம். மூச்சு வெளியே போக வழி தேடும்போது மனத்தில் கிடக்கும் மனிதர்கள் ஒருவர்பின் ஒருவராக இறங்கிக்கொள்கிறார்கள், நிர்வாகத்தார், இளைய தலைமையாசிரியை, மாமியார், குமரேசன், கடைசியில் அர்த்தநாரி. முடக்கில் நானும் கணக்கும் மட்டும். ஐந்து பதினான்கு எழுபது. பின்னால் ஜீப்பின் இரைச்சல். தோட்டத்துக்குப் போகும் பெண்கள் பின்பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாக்கியம் தலையை வெளியே நீட்டி, டீச்சரம்மா, கயிறு வீசட்டுங்களா, பிடிச்சுக்கறீங்களா என்றாள். இன்னொருத்தி, கயித்தை நீ பிடிச்சுக்க, அவங்க உன்னை இழுத்துட்டுப் போவாங்க என்றாள். சிரிப்பு. நான் திரும்பவில்லை, ஏற்றத்தில் பேசினால் மூச்சு சிதறும். விடு, உள்ள கணக்குப் போட்டுட்டிருக்காங்க, தப்பாயிட்டா நம்மளைப் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க என்று பாக்கியம் சொல்வது கேட்டது, பிறகு ஜீப் புகையை என்மேல் விட்டுவிட்டு முன்னே போயிற்று. அவள் மகள் என்னிடம் படித்தவள். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்துநான்கு வாங்கினாள், நான் முப்பத்துநான்கே போட்டேன். ஒரு மார்க்குங்க டீச்சரம்மா என்று பாக்கியம் பள்ளி வாசலில் நின்று கேட்டாள். கருணை மதிப்பெண் போட்டால் அவள் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு மார்க்கை என்னிடமிருந்து வாங்கியதாக நினைப்பாள், மறுபடி எழுதட்டும் என்றேன். எழுதினாள், ஐம்பத்தொன்று வாங்கினாள், இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் நான் சொன்னதை ஒத்துக்கொண்டதாகச் சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பதினைந்து முடிந்து பதினாறு. ஐப்பசியில் எனக்கு டைபாய்டு. மூன்று வாரம் கஞ்சி. எழுந்து நின்றபோது என் கால்கள் புடவைக்குள் இரண்டு குடைக்கம்புகள் போல இருந்தன. அந்த மூன்று வாரமும் இரவில் நான் காய்ச்சலில் விழித்துக்கொள்ளும்போதெல்லாம் அடுத்த கட்டிலில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குப் போராடிக்கொண்டிருப்பார். பனி இறங்கினால் அவருக்கு இரைப்பு, பல ஆண்டுகளாக. அந்தச் சத்தம் பழைய துருத்தியைப் போல, உள்ளே போகும்போது ஒரு கீச்சு, வெளியே வரும்போது இரண்டு. சேலத்து டாக்டர், குளிரை விட்டு இறங்குங்கள், அதுதான் மருந்து என்று சொல்லிவிட்டார். அர்த்தநாரி அதை என்னிடம் ஒரு வேண்டுகோளாகச் சொல்லவில்லை, செய்தித்தாளில் படித்ததைப் போலச் சொன்னார். நான் அதை வானொலிச் செய்தியைப் போலக் கேட்டுக்கொண்டேன். மார்கழியில் மூன்றாவது முறை பேச்சு வந்தது. குமரேசன் கேக்கறான், என்ன சொல்லட்டும் என்றார். உங்களுக்குப் போகணுமா, நேராச் சொல்லுங்க என்றேன். எனக்கென்ன, நீ இங்க இருந்தா நான் இங்க இருக்கேன் என்றார். அந்தச் சொல்லைத்தான் என்னால் பொறுக்க முடியாது. முப்பது ஆண்டுகளாக அவர் எதையும் கேட்டதில்லை, விட்டுக்கொடுத்தே என்னைக் கடன்காரியாக்கியிருக்கிறார், பெயரிலேயே பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்ட சாமியை வைத்திருக்கிறவர். சரி, தை இரண்டாம் சனிக்கிழமை நான் மேட்டில் ஏறுவேன், கால் ஊன்றினால் அன்றைக்கே குமரேசனுக்குத் தந்தி கொடுத்துவிடுங்கள் என்றேன். காய்ச்சல்ல கிடந்து எழுந்திருக்க, இப்ப எதுக்கு என்றார். எழுந்திருக்கேனா இல்லையான்னு தெரிய வேண்டாமா என்றேன். அதன்பின் அவர் வாதாடவில்லை. போன வியாழக்கிழமை, காய்கறிப் பை தூக்குவதற்கே தோள்பட்டை வலி என்பவர், தானே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்தருகே லூர்துசாமியின் கடைக்குக் கொண்டுபோனார். ரெண்டு மாசம் நின்ன வண்டி, கிரீஸ் போட்டுத் துடைச்சு வெக்கச் சொல்றேன் என்றார். இரைக்க இரைக்கப் போனார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனத்துக்குள் ஒரு சின்ன இளக்கம் வந்தது, அதையும் மறைக்கவேண்டாம்.

ஆறு பதினேழு நூற்றிரண்டு. கால்கள் நன்றாகவே போயின. அச்சம் என்றால், மார்பில்தான். பதினாறாம் வாய்ப்பாட்டில் இடப்பக்கம் ஏதோ ஒன்று நூலைப் போல இழுத்தது, இங்கே விழுந்தால் யார் முதலில் பார்ப்பார்கள், ஜீப் போய்விட்டது, ஒன்பது மணிப் பேருந்துதான், நடத்துநர் இறங்கி வந்து சேலையைச் சரிசெய்துவிடுவாரா அல்லது அப்படியே தூக்குவாரா, இப்படி நினைப்பு வழுக்கிக்கொண்டே போயிற்று, ஆனால் அந்த நூல் அறுந்துவிட்டது, மூச்சு சீராகிவிட்டது. இரண்டு மாதம் மிதிக்காத கால்களுக்கு இவ்வளவு வலு எங்கிருந்து வந்தது. ஒரு மகிழ்ச்சி கிளம்பியது. நெஞ்சில் அடக்கிவைக்கவேண்டிய அளவுக்கு, வெட்கக்கேடான, பரீட்சை முடிவு வந்த நாளில் பெண்பிள்ளைகளுக்கு வருமே அந்த மாதிரியான மகிழ்ச்சி. ஒன்பது பதினெட்டு நூற்று அறுபத்திரண்டு. இந்த உடம்பு எனக்குத் துரோகம் செய்யவில்லை. பத்து ஆண்டுகள் இங்கே இருக்கலாம். அவர் இரைப்பு? வெந்நீர் ஆவி, கம்பளி, கணப்பு, பார்த்துக்கொள்ளலாம், எத்தனையோ பேர் இருக்கவில்லையா, என்று அந்த மகிழ்ச்சி அவருடைய நுரையீரலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டே மேலே ஏறியது. பதினொரு பத்தொன்பது இருநூற்றொன்பது. பன்னிரு பத்தொன்பது இருநூற்று இருபத்தெட்டு. முடிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பலாமரம் வரவில்லை.

மரம் இன்னும் முன்னால் நின்றது. பனியில் அதன் அடிமரத்துக் காய்கள் மட்டும் தெரிந்தன. ஏதோ ஒரு வாய்ப்பாட்டை விட்டுவிட்டேன், மகிழ்ச்சியில் பதினாறைத் தாவியிருப்பேன். இல்லை, பதினாறில்தான் மார்பில் நூல் இழுத்தது. பதினைந்தை? பதினைந்தில் பாக்கியத்தின் மகளை நினைத்தேன். வரிகளை விட்டேனா? நான் வரிகளை விடுகிறவள் அல்ல. எண்பத்துநான்கு வரியும் சொன்னேன், எண்பத்துநான்கு சுற்றும் மிதித்தேன். ஆனாலும் மரத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, அதாவது இதே தூரத்துக்கு நான் கூடுதலாக மிதித்திருக்கிறேன், அதாவது ஒரு சுற்றுக்குச் சக்கரம் முன்பைவிடக் குறைவாக உருளுகிறது. சாலை நீளாது. மரம் நடக்காது. சக்கரம் அதே சக்கரம், முன்பல்சக்கரம் அதேதான், நான் மிதிக்கிறேன், பார்க்கிறேன். மீதி இருப்பது பின்சக்கரத்தோடு சேர்ந்த பல்சக்கரம், அந்த ஃப்ரீவீல் ஒன்றுதான். அங்கே பற்கள் கூடினால் மிதி இலேசாகும், தூரம் குறையும். குமரேசன் கியரைத் தட்டிவிட்டுக் காட்டியதும் அதுவேதான். முதல் மிதியிலேயே கால் சொல்லிற்று, நான்தான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். குனிந்து பார்த்தேன், சைக்கிள் சற்று ஆடியது. செயின் கவருக்குப் பின்னால் தெரிந்த இடத்தில் புதுப் பல்சக்கரம், வெள்ளி போல, பழையதைவிட ஒரு சுற்றுப் பெரியது. கறுத்த பழஞ்செயினில் அதற்காகக் கூட்டிச் சேர்த்த புதுக் கண்ணிகள் பளிச்சென்று வந்து வந்து போயின. கேட்காத எனக்கு, நான் எழுதி முடிப்பதற்கு முன்பே, அர்த்தநாரி கருணை மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்.

பலாமரத்தின் நிழல் என்மேல் விழுந்து நகர்ந்தது. முடக்கு. லூர்துசாமி தானாகச் செய்திருக்க மாட்டார், அவருக்கு வாசாலகம் உண்டு, துணிச்சல் கிடையாது. இவர்தான் சொல்லியிருக்கிறார். கடையில் நின்று, இரைத்துக்கொண்டே, டீச்சருக்குத் தெரியவேண்டாம் என்று குரலைத் தாழ்த்தியிருப்பார். ஏன்? கீழே போக விரும்புகிறவர், கீழே போகாவிட்டால் மூச்சுக்கு உத்தரவாதம் இல்லாதவர், நான் தோற்றால் தனக்கு நன்மை என்று தெரிந்தும் நான் வெல்ல ஏற்பாடு செய்திருக்கிறார். தோற்றால் நான் தாங்கமாட்டேன் என்று நினைத்தாரா. தன் மூச்சைக் கொடுத்து எனக்கு இந்த மேட்டை வாங்கித் தருகிறாரா. என்னைக் கேட்டாரா. எழுந்து நின்று மிதித்தேன். தேவையே இருக்கவில்லை, உட்கார்ந்துகொண்டே ஏற முடிந்தது, ஏழு ஆண்டுகளாக என்னை அழவைத்த வளைவு ஒரு கிழட்டு மாட்டைப் போல என் காலடியில் படுத்துக்கொண்டது. கழுதைகள் மேலானவை. சுமை குறைக்கப்பட்டிருந்தால் அவற்றுக்குத் தெரிந்திருக்கும். இப்படியே ஏறிப் போய்விடலாம், அவருக்குத் தெரியாது எனக்குத் தெரிந்தது, அவர் கைதட்டுவார், நான் இறங்குவேன், இன்று இரவு பனி இறங்கும், அடுத்த கட்டிலில் துருத்தி தொடங்கும், அந்த ஒவ்வொரு கீச்சும் எனக்குக் கொடுக்கப்பட்ட ஒரு மார்க், ஒவ்வோர் இரவும், அவர் இருக்கும்வரை. அதை வாங்கிக்கொண்டு இந்த மலையில் நான் எந்த முகத்தோடு இருப்பது. இல்லை, அவருடைய நுரையீரலை நினைத்துத்தான் இப்படி யோசிக்கிறேனா, அல்லது என் முகத்தை நினைத்தா. பிரித்துப் பார்க்க முடியவில்லை. வளைவு திரும்பியது. தொட்டி தெரிந்தது. குல்லாய் தெரிந்தது. அவர் கையைத் தூக்கி ஆட்டினார். அவ்வளவுதான் சௌந்தரம், வந்துட்ட, மிதி மிதி என்று கத்தினார், கத்தியதில் இருமல் வந்துவிட்டது, குனிந்து தொட்டியின் சுவரைப் பிடித்துக்கொண்டார், இருமிக்கொண்டே ஒரு கையை மட்டும் எனக்காக ஆட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கைப் பிடித்தேன். இடக்காலை எடுத்துச் சாலையில் வைத்தேன். குளிர்ந்திருந்தது, செருப்பின் வழியாகவும் தெரிந்தது.

அவர் இருமல் அடங்கி நிமிர்ந்தபோது நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். இறங்கி வந்தார். முகத்தில் நான் எதிர்பார்த்த நிம்மதி இல்லை, பிடிபட்டுவிட்டவரின் கலவரமும் இல்லை, துக்கம் இருந்தது. "ஏன் நிறுத்தின? நல்லாத்தானே வந்துட்டிருந்த."

"முடியலைங்க."

"இன்னும் நாலு மிதிதான். சுத்திமுத்தி யாருமில்லை. நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன், ஏறி மிதி."

"நீங்க பாத்தீங்க" என்றேன்.

சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவர் பார்வை ஒரு கணம் பின்சக்கரத்துக்குப் போய்த் திரும்பியது. என் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினார். இருபத்தெட்டு ஆண்டுகள் தேர்வறையில் மேற்பார்வை பார்த்த முகம் என்னுடையது, அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. "காய்ச்சல் உடம்பு. விடு" என்றார். சைக்கிளை அவரே தள்ளிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் இரைத்தது. நான் கொடுங்கள் என்று கேட்கவில்லை. பகலில் தபால் நிலையத்துக்குப் போய்க் குமரேசனுக்குத் தந்தி கொடுத்தார்.

பங்குனியில் இறங்கினோம். கீழே அவர் நன்றாக மூச்சு விட்டார், பதினொரு ஆண்டுகள். வீட்டுக்கு யார் வந்தாலும், இவ அந்த வயசிலயும் மேடு ஏறுவா, அன்னிக்கு மட்டும் முடக்குல கால் ஊனிட்டா, இல்லாட்டி நாங்க இங்க வந்திருப்பமா என்று பெருமையாகச் சொல்வார். நான் உள்ளே போய் வந்தவர்களுக்குக் காப்பி போடுவேன். அவருக்கு நான் எதையும் சொல்லவில்லை, அவரும் எனக்கு எதையும் சொல்லவில்லை. மலையைவிட்டு இறங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, அவர் சாமான் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சைக்கிளை லூர்துசாமியிடம் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய ஃப்ரீவீலையே மாட்டச் சொல்லி, நேராகச் சிறுபாலத்துக்குப் போய் ஏறினேன் என்பதும் அவருக்குத் தெரியாது. மேலே யாரும் காத்திருக்கவில்லை. பன்னிரு பத்தொன்பது இருநூற்று இருபத்தெட்டு என்றபோது பலாமரத்தின் நிழல் சரியாக முன்சக்கரத்தில் விழுந்தது. முடக்கில் கண் இருட்டியது, நாக்கில் இரத்தத்தின் ருசி வந்தது, தொட்டியடிக்குப் போய்ச் சேர்ந்தேன். கால் தரையில் படவில்லை.

லூர்துசாமிக்கு அன்று நான் கூலி நீட்டியபோது அவர் வாங்கவில்லை. "ஐயா தையிலயே தந்துட்டாங்க டீச்சர். பெரிய ஃப்ரீவீலுக்கும் காசு, மாட்டறதுக்கும் கூலி. டீச்சர் ஏறி முடிச்சதும் வண்டியக் கொண்டாந்து விடறேன், சத்தமில்லாம பழசையே மாட்டிடு, அதுக்கும் இப்பவே வெச்சுக்கன்னு குடுத்தாங்க. அப்புறம் கொண்டாரவே இல்ல." நான் பணத்தை அவருடைய பெஞ்சில், பழைய செயின்களுக்கு நடுவே வைத்துவிட்டு வந்தேன். ஆகவே அந்த ஒரு வேலைக்கு இரண்டு கூலி. பழசை மாட்டுவதற்கென்று அவர் தையில் கொடுத்தது பதினைந்து ரூபாய், நான் பங்குனியில் கொடுத்ததும் பதினைந்து ரூபாய்.